283-ஐயும் 434-ஐயும் பக்கத்தில் வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2025 நவம்பர் கடைசியில் ஒரு நாள் காலை, சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டுத் திரும்பிய பக்கத்துத் தோட்டத்து மாப்பிள்ளை என் வாசலில் வண்டியை நிறுத்தினார். சொந்த மாப்பிள்ளை இல்லை, வாய்வார்த்தைக்கு மாப்பிள்ளை. இறங்கக்கூட இல்லை. வண்டியில் உட்கார்ந்தபடியே செல்போனை நீட்டினார்.

"ஏனுங் மாமா, மக்காச்சோளம் 434-ல இருந்து 283-க்கு எறங்கிப்போச்சாமா? இந்த வருஷம் வெல தூக்குமுங்களா? வெங்காயம் புடுங்குன காட்டுல அதையே ஊணிப்போட்டரலாம்னு பாக்கறேன்."

யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தித் துண்டு அது. மேல் வரியில் நாட்டின் மக்காச்சோள உற்பத்தி 283 லட்சம் டன் என்று மதிப்பீடு. கீழ் வரியில் கடந்த ஆண்டு உற்பத்தி 434 லட்சம் டன். இரண்டு எண்ணும் சரிதான், மத்திய வேளாண் அமைச்சகம் வெளியிட்டவைதான். ஆனால் இரண்டையும் அடுத்தடுத்த வரியில் வைத்ததும் அது பொய்யாகிவிட்டது.

434 என்பது 2024-25 முழு ஆண்டுக்கான இறுதிக் கணக்கு. காரீப் (மழைக்காலம்), ராபி (குளிர்காலம்), கோடை என்று மூன்று பருவமும் அதில் அடக்கம். 283 என்பது 2025-26க்கான முதல் முன்கூட்டிய மதிப்பீடு, அதுவும் காரீப் பருவத்துக்கு மட்டும். ஐப்பசியில் நான் ஊன்றி இப்போது முழங்கால் உயரம் நிற்கிற மக்காச்சோளம் அந்த 283-இல் இல்லவே இல்லை. அது ராபிக் கணக்கில் சேரவேண்டியது. பீகார்க்காரர்கள் இப்போதுதான் விதைத்துக்கொண்டிருப்பார்கள், அதுவும் இல்லை. சரி, அப்படியானால் 283-ஐ எதோடு ஒப்பிட வேண்டும்? போன ஆண்டு இதே நவம்பரில் இதே கட்டத்தில் வந்த முதல் மதிப்பீட்டோடு. அது 245 லட்சம் டன். அதாவது மக்காச்சோளம் குறையவில்லை, காரீப்பில் மட்டுமே 38 லட்சம் டன் கூடியிருக்கிறது. மாப்பிள்ளை படித்ததற்கு நேர் எதிரான சேதி.

இதை அவருக்கு விளக்கிச் சொல்ல எனக்கு அரைமணி நேரம் பிடித்தது. அந்தச் செய்தியில் அரை வரி கூடுதலாக இருந்திருந்தால் பிடித்திருக்காது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

ஊருக்கு உபதேசம் செய்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இதே குழியில் ஒன்பது மாதம் முன்பு நானே விழுந்தேன். போன மாசியில் நாலு ஏக்கரில் 112 மூட்டை வந்தது. எங்கள் பக்கம் மூட்டை என்றால் நூறு கிலோ. பாதியைக் களத்திலேயே பல்லடத்துத் தீவன வியாபாரிக்குப் போட்டேன், மூட்டை விலை 2,390. மீதி 55 மூட்டையைப் போடுவதா வைப்பதா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது, மார்ச் 10ஆம் தேதி இரண்டாம் மதிப்பீடு வந்தது. காரீப் 248, ராபி 124. கூட்டிப் பார்த்தேன், 372. அதற்கு முந்தைய ஆண்டின் இறுதி எண் 376. நாலு லட்சம் டன் குறைவு. அங்கே எத்தனால் ஆலைக்காரர்கள் சோளத்தை வாரிக்கொண்டு போகிறார்கள், இங்கே விளைச்சல் குறைவு, வைத்திருந்தால் விலை ஏறாமல் எங்கே போகும் என்று பழைய வீட்டுக்குள் அடுக்கி வைத்தேன்.

மே 28ஆம் தேதி மூன்றாம் மதிப்பீடு வந்தது. 422 லட்சம் டன். எண்பது நாளில் ஐம்பது லட்சம் டன் வானத்திலிருந்தா விழுந்தது? இல்லை. இரண்டாம் மதிப்பீட்டில் கோடைப் பயிர் சேர்த்தி இல்லை, மூன்றாவதில்தான் அது சேரும். அமைச்சகத்தின் அறிக்கையிலேயே அது சொல்லப்பட்டிருக்கிறது. நான் வாங்கும் மூன்று தாள்களில் ஒன்றில்கூட அந்த வரி இல்லை. உத்தரப் பிரதேசத்தில் உருளைக்கிழங்கு எடுத்த நிலத்தில் கோடை மக்காச்சோளம் போடுவது சில ஆண்டுகளாகப் பரவிவருகிறது, ஜூனில் அது களத்துக்கு வந்துவிடும். பழைய வீட்டுக்குள் மூட்டை அடுக்கியவனுக்கு இதெல்லாம் தெரியுமா? எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அது வேறு விஷயம். ஆவணியில் வண்டு விழுந்து, காய்ந்து எடை இறங்கி, 55 மூட்டை 53 ஆகி, 2,230க்குப் போட்டேன். நஷ்டம் 13,260 ரூபாய். தலை போகிற பணம் இல்லை. ஆனால் வீட்டில் சொன்ன வார்த்தைதான் இன்னும் காதில் நிற்கிறது: "முப்பத்திநாலு வருஷம் சர்க்காருக்குக் கணக்கெழுதுனவருக்கு நம்மூட்டு மூட்டைக் கணக்கு வரலீங்களே."

ஆமாம், நான் கிராம நிர்வாக அலுவலராக இருந்தவன். 1980இல் கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழித்த பிறகு தேர்வு எழுதி வந்தவர்களில் ஒருவன். 1984இல் சேர்ந்து 2018இல் ஓய்வு பெற்றேன். டெல்லியில் வெளியாகிற அந்தப் பெரிய எண்ணின் முதல் இலக்கம் எங்களைப் போன்றவர்களின் பேனாவிலிருந்துதான் பிறந்தது. கிராமக் கணக்கு எண் 2, அடங்கல். எந்தச் சர்வே எண்ணில் என்ன பயிர், எத்தனை ஏர்ஸ் (ஒரு ஏர்ஸ் நூறு சதுர மீட்டர்) என்று ஒவ்வொரு காட்டுக்கும் நடந்து பார்த்து எழுதவேண்டியது. எல்லா மாதமும் நடந்தோமா என்று கேட்டால், ஜமாபந்தித் தணிக்கையில் சொல்லாத பதிலை இங்கே சொல்லிவிடுகிறேன்: இல்லை.

பசலி 1404-இல், அதாவது 1994-95இல், ஒரு மாதம் அம்மை போட்டுப் படுத்திருந்தேன். தலையாரி சொல்லச் சொல்லப் படுக்கையிலேயே எழுதினேன். அவர் "சோளமுங்க, சோளமுங்க" என்றார், நானும் சோளம் என்றே எழுதிக்கொண்டு போனேன். பிறகு நேரில் போய்ப் பார்த்தால் அதில் பாதி மக்காச்சோளம். மீதியில் பெரும்பகுதி மாட்டுக்காக நெருக்கி விதைத்த தீவனச் சோளம். கதிர் வருமுன்னே தட்டாக அறுத்துப் போர் போட்டுவிடுவார்கள், அதில் ஒரு படி மணி வீடு சேராது. மூன்றும் எங்கள் ஊர்ப் பேச்சில் சோளம்தான். என் கணக்கிலோ மூன்றும் மனிதர் தின்கிற தானியம்! கண்டதும் திருத்தினேன். ஆனால் காங்கேயம், தாராபுரம் பக்கத்து மேட்டுக்காடுகளில் சோளம் என்பது முக்கால்வாசி மாட்டுத்தீனிக்குத்தான் என்று தெரியாத ஒருவர் அந்த அடங்கலைப் பார்த்தால் எப்படிக் கண்டுபிடிப்பார்?

பரப்பு அப்படி. விளைச்சலைக் கண்டுபிடிக்க அறுவடைச் சோதனை இருக்கிறது. ஊரை, சர்வே எண்ணை, வயலை எல்லாம் சீட்டுக் குலுக்குவதுபோல எண் பட்டியலை வைத்துத் தேர்ந்தெடுப்பார்கள். நமக்குப் பிடித்த காட்டில் போய் அறுக்க முடியாது. வயலின் மூலையிலிருந்து இத்தனை அடி நீளவாக்கில், இத்தனை அடி குறுக்கே நடந்து முளை அடித்து, ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்ட வேண்டும். அதற்குள் இருப்பதை அறுத்து, மணி உதிர்த்து, எடை போட்டு, 400-ஆல் பெருக்கினால் ஹெக்டேர் விளைச்சல்.

அந்த 400-தான் பயம். மக்காச்சோளத்தில் ஐந்து மீட்டர் வரிசைக்குச் சுமார் இருபது செடி. கயிற்றின் மேலேயே ஒரு வரிசை விழுந்தால் அது உள்ளேயா வெளியேயா? அடித்தண்டு பாதிக்கு மேல் உள்ளே இருந்தால் எடு, இல்லாவிட்டால் விடு என்பார்கள். குனிந்து பார்க்கச் சோம்பல்பட்டு ஒரு வரிசையை உள்ளே சேர்த்துவிட்டால் இருபது கதிர், இரண்டு கிலோவுக்கு மேல் மணி. பெருக்கினால் ஹெக்டேருக்கு எண்ணூறு கிலோ, ஏக்கருக்கு மூன்று மூட்டைக்கு மேல். இந்தக் கயிற்றுப் பிரச்சினை பெரிய மனிதர்களையே மோதவிட்டிருக்கிறது என்று ஒரு பயிற்சி வகுப்பில்தான் எனக்குத் தெரிந்தது. 1940களில் வங்காளத்தில் புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் சில அடி அகல வட்டத்தை வைத்து அறுத்துக் கணக்கிட்டார், வேலை சுருக்கு. இன்னொரு புள்ளியியல் அறிஞர் சுகாத்மே ஒத்துக்கொள்ளவில்லை. வட்டம் சிறுத்தால் பரப்புக்கு ஓரம் அதிகம், ஓரத்துச் செடியைக் கை தானாக உள்ளே இழுக்கும், விளைச்சல் கூடுதலாகக் காட்டும் என்றார். நாடு முழுவதும் நிலைத்தது சுகாத்மே சொன்ன பெரிய அளவுதான். 2012இல் டெல்லியில் தொடங்கிய தேசியப் பயிர் முன்னறிவிப்பு மையத்துக்கு மட்டும் மகலனோபிஸ் பெயரை வைத்திருக்கிறார்கள்! கை உள்ளே இழுக்கும் என்ற வார்த்தை மட்டும் எனக்கு மறக்கவில்லை. கயிறு பிடித்த ஒவ்வொரு முறையும் என் கையை நானே பார்த்திருக்கிறேன்.

பயிர்க் காப்பீடு வந்தபிறகு கை வெளியே தள்ளவும் கற்றுக்கொண்டது. அதே சோதனையின் எண்ணை வைத்துத்தானே இழப்பீடு? ஒரு வயலில் தராசைத் தூக்கும்போது அந்தத் தோட்டத்து ஆத்தா பக்கத்தில் வந்து, "சாமி, பாத்து எழுதுங்க, ரெண்டு பேருக்குச் சோறு" என்றார். என்ன இருந்ததோ அதைத்தான் எழுதினேன். அந்தத் தோட்டத்து வழியாக அப்புறம் ரொம்ப நாள் நான் போகவில்லை.

இதையெல்லாம் சொல்வது மதிப்பீடே மோசடி என்று காட்ட அல்ல. இத்தனை கோடிக் காடுகள் உள்ள நாட்டில் இத்தனை கைகள் வழியாக வந்தும் ஒரு எண் கிட்டத்தட்ட நிஜத்தைத் தொடுகிறது என்பதே பெரிய காரியம். இப்போது செல்போனில் காட்டுக்குள் நின்று படம் எடுத்து ஏற்றுகிற டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்பு வந்திருக்கிறது. வேளாண் கல்லூரிப் பிள்ளைகளைக் கூட அதற்கு இறக்கினார்கள். படுக்கையில் படுத்துக்கொண்டு இனி அடங்கல் எழுத முடியாது, நல்லதுதான். செயற்கைக்கோள் வேறு மேலிருந்து பார்க்கிறது. ஆனாலும் எனக்கு ஒரு சந்தேகம் போகவில்லை. 2018 மே மாதம் கர்நாடகத்துச் சிவமொக்காப் பக்கம் முதன்முதலாகப் பார்த்த படைப்புழு, அதே ஆண்டு கார்த்திகையில் என் சோளத்துக் குருத்துக்குள் உட்கார்ந்திருந்தது. ஓய்வு பெற்று நான் வைத்த முதல் வெள்ளாமை அது. தூரத்திலிருந்து பார்த்தால் காடு பச்சைப் பசேல் என்றுதான் இருந்தது. கிட்டப் போய்க் குருத்தைப் பிரித்தால் மரத்தூள் மாதிரி எச்சம், நடுவில் புழு. மேலேயிருந்து பார்க்கிறவருக்கு அன்றைக்கு என் காடு முழு விளைச்சல்.

இப்படி ஆயிரம் இடத்தில் ஆட்டம் காணக்கூடிய ஒரு எண்ணை, ஆணி அடித்ததுபோல் 283.03 என்று இரண்டு தசமத்தோடு போடுகிறோம் என்பதுதான் என் குறை. 283-க்கே உத்தரவாதம் இல்லாதபோது அந்த .03 எதற்கு?

அந்த எண்ணை நம்பிக் கொள்கை வகுப்பவர்களே சறுக்கியிருக்கிறார்கள். 2022 பிப்ரவரியில் கோதுமை 1,113 லட்சம் டன் விளையும் என்று மதிப்பீடு வந்தது. மார்ச்சில் அடித்த வெயில் அதுவரை பதிவில் இல்லாத வெயில், கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் சுருங்கிப்போனது. ஏற்றுமதிப் பேச்சு உச்சத்தில் இருந்தபோதே மே 13ஆம் தேதி ஏற்றுமதிக்குத் தடை. ஒரு வாரத்துக்குள் மதிப்பீடு 1,064 ஆக இறங்கியது. அரசுக் கொள்முதல் முந்தைய ஆண்டு 433 லட்சம் டன்னாக இருந்தது, அந்த ஆண்டு 188-இல் நின்றுவிட்டது. அடுத்த ஆண்டு அரிசியில் தலைகீழ். பற்றாக்குறை வருமென்று பயந்து 2023 ஜூலையிலேயே பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டாயிற்று, ஆகஸ்டும் வறண்டது. புழுங்கல் அரிசிக்கு 20 சதவீத வரி வந்ததும் காங்கேயத்து ரைஸ்மில்காரர்கள் வரைக்கும் அதே பேச்சு. கடைசியில் அந்த ஆண்டு அரிசி 1,378 லட்சம் டன் என்று கணக்கு வந்தது, அதுவரை இல்லாத விளைச்சல்.

உற்பத்தியாவது பரவாயில்லை, அதைச் சொல்ல ஒரு முறை இருக்கிறது. தேவைக்கு அதுவும் இல்லை. நாமக்கல் முட்டைக்கோழியும் பல்லடம் கறிக்கோழியும் தின்பதில் பாதிக்குக் குறையாமல் மக்காச்சோளம் என்று எங்களுக்குத் தெரியும். 2023 டிசம்பரில் கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுப்பதற்குக் கட்டுப்பாடு வந்ததும் ஆலைகள் சோளத்தின் பக்கம் திரும்பின. மக்காச்சோள எத்தனாலுக்கு லிட்டருக்கு 71 ரூபாய் 86 காசு விலை வைத்தார்கள். ஒரு டன் சோளம் போட்டால் 380 லிட்டர் வரும். ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு 2024இல் மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் சோளம் வாங்கியது. எங்கள் ஊர் விலையை எங்கள் ஊர் விளைச்சல் தீர்மானித்த காலம் போயேபோய்விட்டது. பரம்பிக்குளம்-ஆழியாறு (பி.ஏ.பி.) வாய்க்காலில் எந்த மண்டலத்துக்குத் தண்ணீர் முறை என்று பார்த்து விலை சொன்ன பழைய புரோக்கர் ஒருவர் இருந்தார். இப்போது அவர் மகன் பீகாரில் பூர்ணியா பக்கத்துக் குலாப்பாக் சந்தை விலையைச் செல்போனில் பார்த்துத்தான் எனக்கு விலை சொல்கிறான். அங்கே ஏற்றினால் ஒரு கூட்ஸ் ரயிலில் சுமார் 2,600 டன். என்னைப் போன்றவர்கள் இருநூற்று முப்பது பேரின் முழு மகசூல் ஒரு ரயிலுக்குள் அடங்கிவிடும்.

ஆகவே ஆசிரியர் அவர்களிடம் கேட்பது பெரிதல்ல. உற்பத்தி மதிப்பீட்டுச் செய்தி போடும்போது, அது எத்தனையாவது மதிப்பீடு, எந்தெந்தப் பருவம் அதில் சேர்ந்திருக்கிறது என்று அரை வரி. போன ஆண்டின் இறுதி எண்ணைப் பக்கத்தில் போடாமல், போன ஆண்டு இதே கட்டத்தில் வந்த எண்ணைப் போட்டு, அது கடைசியில் எங்கே போய் நின்றது என்று இன்னொரு வரி. உதாரணமாக 2023-24 மக்காச்சோளம் பிப்ரவரியில் 324, ஜூனில் 356, செப்டம்பரில் 376 லட்சம் டன். இந்த மூன்று எண்ணையும் வரிசையாகப் பார்த்த ஒருவன், அடுத்த ஆண்டின் இரண்டாம் மதிப்பீட்டைப் பார்த்ததும் மூட்டையை அடுக்கமாட்டான். நானும் அடுக்கியிருக்கமாட்டேன். பெரிய தீவன ஆலைக்காரர்களுக்கு இதைப் பிரித்துச் சொல்ல ஆள் இருக்கிறது, சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு உங்கள் பத்திரிகையின் ஆறாம் பக்கம்தான்.

கோவை வேளாண் பல்கலைக்கழகம் விலை முன்னறிவிப்பு வெளியிடும்போது இவ்வளவு முதல் இவ்வளவு வரை என்று இரண்டு எண்ணாகத்தான் சொல்கிறது. ஒற்றை எண்ணாகச் சொன்னால் ஜனங்கள் அதையே பிடித்துக்கொள்வார்கள் என்று தெரிந்தவர்கள். உற்பத்திக்கும் அமைச்சகம் அப்படி ஒரு நாள் வெளியிடலாம். அதுவரை பத்திரிகைகள் முந்தைய எண்களைப் போட்டாலே அந்த இடைவெளி தானாகத் தெரிந்துவிடும்.

மாப்பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். குறைந்தபட்ச ஆதார விலை 2025-26க்கு 2,400 என்று அறிவித்திருக்கிறார்கள், எங்கள் பக்கத்து வியாபாரி அதற்குக் கீழேதான் பேசுகிறார், காரீப்பில் வேறு 38 லட்சம் டன் கூடுதல் என்று எல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப மாட்டுக்காவது ஆகட்டும்" என்று வெங்காயக் காட்டில் தீவனச் சோளத்தை விதைத்துவிட்டார். முளைத்து நாலு விரக்கடை வந்திருக்கிறது. போன வாரம் இரண்டு பிள்ளைகள் செல்போனோடு வந்து அந்தக் காட்டைப் படம் எடுத்தார்களாம். என்ன பயிர் என்று கேட்டதற்கு, "சோளமுங்க" என்று சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர்,
உடுமலைப்பேட்டை வட்டாரம்.